இரும்பும் இரும்பும் தொடாமல்

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் டிராக்டர் இன்ஜினுக்குள், முழுப் பாரத்தையும் தாங்குகிற பேரிங்குகளில், இரும்பு இரும்பைத் தொடுவதில்லை. வெளியே நின்று கேட்பவருக்கு இதை நம்புவது கடினம். அவ்வளவு சத்தம், அவ்வளவு அதிர்வு. கிராங்க் ஷாஃப்ட் நிமிடத்துக்கு இரண்டாயிரம் சுற்றுக்கு மேல் சுழல்கிறது. டீசல் பற்றும் ஒவ்வொரு முறையும் பிஸ்டன் டன் கணக்கான விசையை அதன் மேல் இறக்குகிறது. ஆனாலும் கிராங்கிற்கும் அதைத் தாங்கும் பேரிங்கிற்கும் நடுவே எண்ணெய்ப் படலம் ஒன்று இருந்துகொண்டே இருக்கிறது. மெலிந்த இடத்தில் அதன் கனம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்குதான். பொள்ளாச்சிப் பக்கம் தென்னை வரிசைகளுக்கு நடுவே ரொட்டவேட்டரை இழுத்துப் போகும் இருபத்தைந்து குதிரைத்திறன் மினி டிராக்டரின் மொத்த உழைப்பும் அந்தப் படலத்தின் மேல் நடக்கிறது.

படலம் எல்லா நேரமும் ஒரே சீராக இருப்பதில்லை. சாவி திருப்பிய முதல் நொடிகளில் அது இன்னும் உருவாகியிருக்காது. பிஸ்டன் மேலே போயும் கீழே வந்தும் ஒரு கணம் நின்று திரும்பும் இடங்களில் மெலிந்துபோகும். தேய்மானம் அந்த நொடிகளில், அந்த இடங்களில்தான் வேலை செய்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் ஆக்சிலேட்டரை ஏற்றாமல் சில நிமிடம் மெதுவாக ஓடவிடு என்று மெக்கானிக்குகள் சொல்வது இதற்காகத்தான்.

இந்தப் படலத்தைக் கண்டுபிடித்த கதை எனக்கு மிகவும் பிடித்தமானது. 1880-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் இயந்திரப் பொறியாளர் கழகம் ரயில் பெட்டி அச்சுகளின் உராய்வை அளக்கும் வேலையை பீச்சம் டவர் என்ற பொறியாளரிடம் ஒப்படைத்திருந்தது. அச்சின் அடிப்பாகம் எண்ணெயில் நனைந்தபடி சுழலும். மேலே அதை அழுத்தியபடி பேரிங். மேலிருந்து எண்ணெய் விட்டுப் பார்க்கலாமென்று பேரிங்கின் உச்சியில் டவர் ஒரு துளை போட்டார். அச்சு சுழன்றதும் துளை வழியே எண்ணெய் மேலேறி வழிந்தது. தக்கையால் அடைத்தார், தக்கை வெளியே தள்ளப்பட்டது. மரக்கட்டையை அடித்து இறுக்கினார். அதுவும் எழும்பி வந்தது. கடைசியில் அங்கே ஓர் அழுத்தமானியைப் பொருத்தினார். பேரிங் தாங்கிய பாரத்தின் சராசரி, சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு. மானியின் முள் 200-ஐத் தாண்டியது. அச்சு எண்ணெயின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. டவரின் அறிக்கை 1883-ல் வெளிவந்தது. 1886-ல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் அதற்குக் கணக்கு எழுதினார். சுழலும் அச்சு, தன்னோடு ஒட்டிய எண்ணெயைக் குறுகிக்கொண்டே போகும் இடைவெளிக்குள் இழுத்துப் போகிறது. நெருக்கப்பட்ட எண்ணெய் அழுத்தம் கொள்கிறது. அந்த அழுத்தம் அச்சைத் தூக்குகிறது. ஆயில் பம்ப் எண்ணெயைக் கொண்டுவந்து சேர்க்கிறது, அவ்வளவே. தூக்கி நிறுத்துவது சுழற்சி. சரியான எண்ணெய், போதிய அளவு, சரியான பிசுபிசுப்பு இருக்கும்வரை இயந்திரம் தன் உழைப்பாலேயே தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது.

மாட்டுவண்டிக்காரருக்கு இந்த வசதி கிடையாது. கடையாணியைப் பிடுங்கி, சக்கரத்தை வெளியே நகர்த்தி, வைக்கோல் கரியும் விளக்கெண்ணெயும் குழைத்த வண்டி மையை அச்சில் கையால் பூசுவார்கள். மைக்குழாய் வண்டியின் அடியில் தொங்கும். மை காய்ந்தால் சக்கரம் கிறீச்சிட்டுச் சொல்லிவிடும். நீராவி ரயில்களின் தொடக்க காலத்திலும் கையில் எண்ணெய்க் குவளையோடு ஆள் இருந்தான். வண்டியை நிறுத்தி ஒவ்வொரு மூட்டாகப் போய் விட வேண்டும். அமெரிக்காவின் மிச்சிகன் சென்ட்ரல் ரயிலில் அப்படி எண்ணெய் விட்டவர்களில் ஒருவர் எலைஜா மெக்காய். அடிமைத்தளையிலிருந்து கனடாவுக்குத் தப்பியோடிய பெற்றோரின் மகன். எடின்பரோவில் பொறியியல் பயின்று வந்தும் கறுப்பர் என்பதால் அவருக்குக் கிடைத்த வேலை கரி அள்ளுவதும் எண்ணெய் விடுவதும்தான். ஓடும்போதே எண்ணெய் தானாக இறங்கும் சாதனத்துக்கு அவர் 1872-ல் காப்புரிமை பெற்றார். அதற்குப் பிந்தைய வளர்ச்சி எல்லாம் அந்தத் திசையில்தான். எண்ணெய் இன்ஜினின் உள்ளே போனது, கண்ணிலிருந்து மறைந்தது. கையால் செய்த வேலையை பம்ப் எடுத்துக்கொண்டது. கண்ணால் செய்த வேலையை எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை. சிறிய டிராக்டர்களில் அதற்கு மிஞ்சியிருப்பது ஒரு சிவப்பு விளக்கும் ஓர் ஆயில் குச்சியும். எண்ணெய் அழுத்தம் விழுந்த பிறகு எரியும் விளக்கு அது. அது எரிவதைக் கண்டு வண்டியை நிறுத்துவதற்குள் பேரிங் சுரண்டப்பட்டுவிடலாம். ஆகவே குச்சியை நான் பெரிதாக மதிக்கிறேன்.

சமதரையில், ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், ஸ்டார்ட் செய்வதற்கு முன் பார்க்க வேண்டும். குச்சியை உருவி, துணியில் துடைத்து, அடிவரை திரும்பச் செருகி, மறுபடி உருவினால்தான் கோடு உண்மை சொல்லும். முதல் உருவலில் குழாயின் சுவரில் ஒட்டியிருந்த எண்ணெயும் சேர்ந்து வரும். எங்கள் பக்கம் துடைப்பதற்கு பனியன் வேஸ்ட். திருப்பூரிலிருந்து கிலோக் கணக்கில் வரும் வெட்டுத்துணி. அதில் வெள்ளையாகப் பார்த்து எடுப்பது நல்லது. துடைத்த கறையும் படிக்க வேண்டிய ஒன்று.

அதில் பலரும் தவறாகப் படிப்பது கறுப்பை. டீசல் இன்ஜினில் புது எண்ணெய் ஊற்றிய சில மணி நேரத்திலேயே கறுத்துவிடும். எண்ணெய் கெட்டுப்போனதாக நினைத்து மனம் பதற வேண்டியதில்லை. எரிதலில் உண்டாகும் புகைக்கரியை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகாமல் தனித்தனியாகப் பிடித்து வைத்துக்கொள்ளும் சேர்மானங்கள் அதில் இருக்கின்றன. கரி எண்ணெயில் மிதந்தால், பிஸ்டன் வளையங்களின் பள்ளத்தில் அடையவில்லை என்று பொருள். எண்ணெயின் இன்னொரு வேலை அமிலத்தை முறிப்பது. டீசலில் உள்ள கந்தகம் எரிந்து ஈரத்தோடு சேர்ந்தால் கந்தக அமிலம். 2020 ஏப்ரல் முதல் இந்தியாவில் விற்கும் டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் பத்துப் பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. அதற்கு முன் இருந்ததோடு ஒப்பிட்டால் இது பெரிய விடுதலை. ஆனாலும் அமிலம் முற்றிலும் நின்றுவிடவில்லை. எண்ணெயில் கலந்த காரச் சேர்மானம் கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்ந்துகொண்டுதான் இருக்கும். இந்தத் தீர்தலை வெள்ளைத் துணி காட்டாது. அதற்குக் கணக்கு ஹவர் மீட்டரில் இருக்கிறது.

துணி காட்டுகிறவை வேறு. எண்ணெய் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் தண்ணீர் உள்ளே வந்துவிட்டது. விரலிடுக்கில் தேய்த்து நறநறவென்றிருந்தால் புழுதி. ஏர் ஃபில்டர் பக்கம் போய்ப் பார்க்க வேண்டும். மூன்றாவது ஒன்றை ஒரு பட்டறை வாசலில் நேரில் பார்த்தேன். வாடகைக்கு ஓடும் வண்டி, ஓட்டும் பையனுக்கு இருபது வயது இருக்கும்.

"ஆயில் பாத்தியா தம்பி?"

"பாத்துட்டனுங்கண்ணா. குறையவே இல்லைங்க. மேல் கோட்டையும் தாண்டி நிக்குதுங்க."

"யாராச்சும் ஊத்துனீங்களா?"

"இல்லைங்கண்ணா."

மெக்கானிக் செய்துகொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு எழுந்து வந்தார். குச்சியின் நுனியிலிருந்து ஒரு சொட்டை எடுத்துப் பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே உருட்டினார். விரல்களைப் பிரித்தபோது நூல் இழுபடவில்லை. முகர்ந்து பார்த்தார். "குறைஞ்சா ஊத்திக்கலாம். ஊத்தாம ஏறுச்சுன்னா வண்டியவே எடுக்கக் கூடாது." டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் பம்பின் டயாஃப்ரம் கிழிந்து, டீசல் ஆயில் சம்புக்குள் சொட்டிக்கொண்டிருந்தது. நீர்த்துப்போன எண்ணெய்க்கு அச்சைத் தூக்கும் வலு குறைவு. பையன் சொன்ன செய்தி நல்ல செய்திபோல ஒலித்தது. தினமும் பார்க்கிறவன் என்பதால்தான் அந்தச் செய்தியாவது வந்தது.

எண்ணெய் மாற்றுவதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. இன்ஜின் வெதுவெதுப்பாக இருக்கும்போது வடித்தால் கசடும் சேர்ந்து இறங்கும். ட்ரெய்ன் நட்டுக்குச் செம்பு வாஷர் புதிதாகப் போட வேண்டும். ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் எண்ணெய் தடவிக் கையால் இறுக்கினால் போதும். எண் 15டபிள்யூ-40 என்றால், முதல் எண் குளிர்காலத்துக்கு உரியது. நம் வெயிலில் கவனிக்க வேண்டியது 100 டிகிரியில் எவ்வளவு பிசுபிசுப்பு மிஞ்சும் என்று சொல்லும் இரண்டாவது எண். ஃபில்டருக்குள் மட்டும் என்னை யோசிக்க வைக்கும் ஒரு சிறு ஏற்பாடு உண்டு. அடைத்துக்கொண்டால் ஒரு வால்வு திறந்து, வடிகட்டாத எண்ணெயை நேராக பேரிங்குக்கு அனுப்பிவிடும். எண்ணெயே இல்லாமல் போவதைவிட அழுக்கு எண்ணெய் மேல் என்று வடிவமைத்தவர் முடிவெடுத்திருக்கிறார். சரியான முடிவுதான். ஆனால் ஃபில்டர் மாற்றாத வண்டி பல மாதம் அழுக்கு எண்ணெயில் ஓடிக்கொண்டிருக்கும். ஓட்டுகிறவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது.

ரேடியேட்டர் தண்ணீர் விஷயத்தில் நம் ஊர் இன்னும் அசட்டையாக இருக்கிறது. டீசலில் இருக்கும் சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் வேலையாகிறது. இன்னொரு பங்கு புகைக்குழாய் வழியே போகிறது. மிச்சத்தில் பெரும்பகுதியை ரேடியேட்டர் காற்றில் கொட்டியாக வேண்டும். கூலண்ட் என்றால் உறையாமல் தடுப்பது என்று ஒரு பேர் விழுந்துவிட்டதால், ஊட்டிப் பள்ளத்தாக்குகளின் உறைபனி நாட்களைத் தவிர நமக்கு எதற்கு என்று கேட்கிறார்கள். தண்ணீர் தண்ணீர்தானே என்று போர்வெல் குழாயைத் திருப்பி ரேடியேட்டரை நிரப்புகிறார்கள். கொங்குப் பகுதியில் பல போர்வெல்களின் உப்பு எவ்வளவு என்பது வெந்நீர் அண்டாவின் அடியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அதே வெள்ளைப் பாறை இன்ஜினுக்குள் சிலிண்டரைச் சுற்றிய பாதையில் படிகிறது. அது வெப்பத்தை எளிதில் கடத்தாது. ரேடியேட்டர் நிறையத் தண்ணீர் இருக்கும், மீட்டர் முள்ளும் நடுவில் நிற்கும். சிலிண்டரின் அந்த ஓர் இடம் மட்டும் வெந்துகொண்டிருக்கும்.

கூலண்ட் கொதிநிலையை ஏற்றுகிறது. அதில் உள்ள கிளைக்காலும் தண்ணீரும் பாதிக்குப் பாதி இருந்தால் 106, 107 டிகிரி. ரேடியேட்டர் மூடியின் ஸ்பிரிங் தரும் அழுத்தத்தையும் சேர்த்தால் 120-க்கும் மேலே. சூடான மூடியைத் திறக்காதே என்பதற்குக் காரணமும் அந்த அழுத்தமே. மூடியைத் திருகிய நொடியில் அழுத்தம் போய், உள்ளே இருப்பது ஒரேயடியாக ஆவியாகி முகத்தில் அடிக்கும். அப்படி வெந்துபோன கைகளை உழவர் வீடுகளில் பார்த்திருக்கிறேன். வண்டி சூடேறினால் பாரத்தை விட்டு, இன்ஜினை அணைக்காமல் மெதுவாக ஓடவிட்டு, பிறகு நிறுத்தி, கை பொறுக்கும்வரை காத்திருக்க வேண்டும். காய்ந்த இன்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஹெட் விரிசல் விடும்.

கூலண்டின் பெரிய வேலை இதுவும் அல்ல என்பது என் எண்ணம். வெட் லைனர் வகை இன்ஜின்களில் சிலிண்டர் லைனரின் வெளிப்புறம் நேரடியாகத் தண்ணீரில் நிற்கிறது. டீசல் பற்றும்போது லைனர் கண்ணுக்குத் தெரியாமல் அதிர்கிறது. சுவர் பின்வாங்கும் கணத்தில் தண்ணீரில் நுண்குமிழிகள் பிறக்கின்றன; திரும்பும் கணத்தில் நொறுங்குகின்றன. நொறுங்கும் குமிழி உண்டாக்கும் அழுத்தம் எவ்வளவு பெரியது என்று ரேலி பிரபு 1917-ல் கணக்கிட்டுக் காட்டினார். கப்பல்களின் புரொப்பல்லர் அரிக்கப்பட்டதற்குக் காரணம் தேடிய காலம் அது. அதே குமிழிகள் லைனரைக் குத்திக் குத்திக் குழிபறிக்கின்றன. பட்டறையில் கழற்றிவைத்த ஒரு லைனரைக் கையில் வாங்கிப் பார்த்தேன். ஒரு பக்கம் வழவழவென்று கறுத்திருந்தது. மறுபக்கம் மேலிருந்து கீழாக ஒரே கோட்டில் ஊசிக் குழிகள். ஒன்றில் சுண்டுவிரல் நகம் இறங்கியது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஒரு குழியின் வழியே ஒளி தெரிந்தது. இரும்பைத் தண்ணீர் துளைத்திருந்தது. கூலண்டில் கலந்திருக்கும் அரிப்புத் தடுப்பான்கள் லைனரின் மேல் ஒரு மெல்லிய படலத்தைப் போர்த்துகின்றன. குமிழியின் அடி அந்தப் படலத்தில் விழுகிறது. படலம் கிழிந்து, திரும்பக் கூடுகிறது. கிழிந்து கூடிக் கிழிந்து தடுப்பான் தீர்ந்துபோகும். பல கையேடுகள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கூலண்டை மாற்றச் சொல்வது இதனால். நிறம் மங்காமல் இருந்தாலும் மாற்ற வேண்டும். பச்சை, சிவப்பு, நீலம் எல்லாம் சாயம்தான். நிறத்தை நம்பி இரண்டு வகையைக் கலப்பதும் கூடாது.

ஆக, இன்ஜினின் உள்ளே ஒரு படலம், லைனரின் வெளிச்சுவரில் ஒரு படலம். இரண்டையும் கண்ணால் பார்க்க முடியாது. இரண்டும் தினமும் செலவாகின்றன.

வடித்த பிறகு எண்ணெயும் கூலண்டும் எங்கே போகின்றன என்பதைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. கூலண்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். வடித்த கூலண்டைத் தொட்டியில் திறந்து வைத்தால் நாயும் ஆடும் வந்து குடிக்கும். குழந்தை விரலை விட்டு நக்கும். அது உடலுக்குள் போய் ஆக்சாலிக் அமிலமாகிச் சிறுநீரகத்தில் படிகமாக இறங்கிக் கொல்லும். வடிக்கும்போதே மூடியுள்ள கேனில் பிடித்து, பெயர் எழுதி, எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும். இதை நூறு தடவை சொன்னாலும் தகும். பழைய எண்ணெயைக் கறையானுக்காகக் கொட்டகைக் கால்களில் பூசுவது வழக்கமாகிவிட்டது. மழையில் அது கழுவப்பட்டு இறங்குவது நம் கிணற்றுக்குத்தான். பழைய எண்ணெயை அபாயக் கழிவாகவே 2016-ம் ஆண்டின் விதிகள் கருதுகின்றன. பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் போக வேண்டியது. ஒரு மினி டிராக்டரில் மூன்றிலிருந்து ஐந்து லிட்டர் என்பதால் யாருக்கும் பெரிதாகத் தெரிவதில்லை. ஊர்ப் பட்டறைகளில் ஒரு பேரல் வைத்து எல்லோரிடமும் வாங்கிச் சேர்த்தால் அதை எடுத்துப் போக ஆள் வரும்.

இனி, யார் பார்ப்பது என்ற கேள்வி. தமிழ்நாட்டில் ஒரு நிலக் கைப்பற்றின் சராசரி அளவு, 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, 0.75 ஹெக்டேர். இரண்டு ஏக்கர்கூட முழுதாக இல்லை. சொந்த டிராக்டர் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் பேர்; மணிக்கணக்கில் வாடகைக்கு எடுப்பவர்கள் அதிகம். தனியார் வண்டி, வேளாண்மைப் பொறியியல் துறையின் வண்டி, எல்லாம் மணிக் கணக்குதான். இதனால் ஒரே மாதிரியான வண்டிக்கு இரண்டு விதமான வாழ்க்கை வாய்க்கிறது. வாடகை வண்டி உழவுப் பருவத்தில் நாளுக்கு எட்டு மணி நேரம் ஓடினால், எண்ணெய் மாற்ற வேண்டிய 250 மணி ஏறத்தாழ ஒரு மாதத்தில் வந்துவிடும். சொந்தத் தோப்புக்கு மட்டும் வைத்திருப்பவரின் வண்டி ஓர் ஆண்டில்கூட அதைத் தொடாது. "ஓட்டவே இல்லையே, எதுக்கு மாத்தணும்?" என்று அவர் கேட்பார். அடிக்கடி கொஞ்ச தூரம் ஓடி, சூடேறும் முன் நிற்கும் இன்ஜினில் ஈரம் எண்ணெயிலேயே தங்கிவிடும், அமிலம் சேரும். ஆண்டுக்கு ஒருமுறையாவது மாற்று என்று கையேடு சொல்வது அவருக்காக.

வாடகை வண்டியில் சிக்கல் வேறு. வாங்கியவர் ஒருவர், ஓட்டுகிறவர் இன்னொருவர், நிலத்துக்காரர் மூன்றாமவர். மீட்டர் இன்ஜின் சுழலும்போது ஓடுகிறது. கூலி மண்ணில் கலப்பை இறங்கிய நேரத்துக்குப் போடப்படுகிறது. குச்சியை உருவும் நேரம், ரேடியேட்டர் முகப்பில் அப்பிய சருகையும் உமியையும் உள்ளிருந்து வெளியே ஊதித் தள்ளும் நேரம், ஃபேன் பெல்ட்டைப் பெருவிரலால் அழுத்திப் பார்க்கும் நேரம் யார் கணக்கிலும் வருவதில்லை. அடுத்த காட்டுக்காரர் ஏற்கெனவே போனில் கூப்பிட்டுக்கொண்டிருப்பார். பார்க்காத டிரைவரைத் திட்டுவது எளிது. பார்ப்பதற்குக் கூலி கொடுக்காதவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எனக்கு டிரைவர்கள் பக்கம்தான் நியாயம் தெரிகிறது.

உடுமலைப் பக்கம் ஒரு பெண் விவசாயி மூன்று மினி டிராக்டர்களை வாடகைக்கு விடுகிறார். அவருடைய ஷெட்டில் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு கோடு போட்ட நோட்டு ஆணியில் தொங்குகிறது. தேதி, மீட்டர் மணி, ஆயில் எந்தக் கோட்டில், ரிசர்வ் பாட்டிலில் எவ்வளவு ஊற்றினோம், அவ்வளவுதான் பத்திகள். ஒரு வண்டியின் நோட்டில் வாரக்கணக்காக "ஊற்றவில்லை" என்றே இருந்து, பிறகு 100 மில்லி, 100, 150, 250 என்று ஏறியிருந்தது. எங்கும் ஒழுகல் தெரியவில்லை என்றார் டிரைவர். வாட்டர் பம்பின் அடியில், வெளியே தெரியாத சிறு துளையில் விரலை விட்டுப் பார்த்தபோது பச்சைப் பிசுக்கு ஒட்டியது. அதன் சீல் விட ஆரம்பித்திருந்தது. பருவம் தொடங்க இன்னும் பத்து நாள் இருந்தது; சீல் மாற்றி முடித்தார்கள். நோட்டு எழுத ஆரம்பித்த மாதத்திலிருந்து அவர் டிரைவர்களுக்கு, சாவி திருப்பிய நேரத்திலிருந்து போட்டுவந்த கூலியை, ஷெட்டுக்குள் வந்த நேரத்திலிருந்து போடுகிறார்.